பழைய கணினிகளில் ஒரு ரெண்டர் பண்ணை: வரவு செலவுக் கணக்கு

வணிகவியல் மாணவனாக இருந்த நாளில் நான் முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று தேய்மானம். கணினிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. அதன்படி 50,000 ரூபாய்க்கு வாங்கிய கணினியின் ஏட்டு மதிப்பு ஐந்து ஆண்டுகளில் 3,888 ரூபாயாகக் குறைந்துவிடும். அலுவலகம் அதை மூலையில் ஒதுக்கும். பின்னர் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடும். ஆயினும் ஏட்டு மதிப்பு குறைந்த வேகத்தில் அந்தக் கணினியின் உழைக்கும் திறன் குறைவதில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தித் தொழில் தொடங்க முடியுமா என்னும் கேள்வி, அந்தமானில் பணியாற்றும் என்னிடம் ஒரு கடன் விண்ணப்பமாக வந்து சேர்ந்தது.

அப்பொழுது போர்ட் பிளேர் என்றும், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கப்படும் நகரம் அது. அவ்வாண்டின் கோடையில் ஒரு தந்தையும் மகளும் எங்கள் கிளைக்கு வந்தனர். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வது வங்கி ஊழியருக்கு அழகன்று. ஆகையால் செய்தியை மட்டும் சொல்கிறேன். மகள் சென்னையில் அனிமேஷன் பயின்று திரும்பியவர். சுவராஜ் தீவிலும் ஷஹீத் தீவிலும் விடுதி கட்டுவோருக்கு, கட்டடம் எழுமுன்பே அதற்குள் நடந்து சென்று பார்ப்பது போன்ற ஒரு நிமிடப் படங்களைச் செய்து தருகிறார். ஒரு படத்திற்கு 9,000 ரூபாய். மாதத்திற்கு இரண்டு படங்கள்.

தந்தையின் கையில் 2,80,000 ரூபாய்க்கு ஒரு புதிய கணினியின் விலைப்பட்டியல் இருந்தது. "நகையை வைத்தாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், சார்" என்றார். நகை மனைவியுடையது. ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி, மூன்றாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 9,170 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். மகளின் மாத வருவாய் 18,000. பாதி வருவாய் தவணைக்கே போய்விடும். மகள் தயங்கியவாறே வேறொரு வழியைச் சொன்னார். நகரில் ஓர் அலுவலகம் தன் பழைய கணினிகளை விற்கப் போகிறது; அவற்றை வாங்கி இணைத்தால் என்ன என்று கேட்டார்.

ரெண்டரிங் என்றால் என்ன?

முப்பரிமாணப் படம் செய்பவர் முதலில் சுவர், கூரை, தென்னை, கடல் ஆகியவற்றின் வடிவங்களைக் கணினியில் அமைக்கிறார். சூரியன் எங்கே நிற்கிறது, கேமரா எங்கே நகர்கிறது என்பதையும் குறிக்கிறார். இதற்குப் பிறகு, ஒளி எந்தப் பொருளில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பதைக் கணித்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணினி தீர்மானிக்க வேண்டும். இதுவே ரெண்டரிங். வழக்கமான 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உண்டு. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடப் படத்திற்கு அத்தகைய 1,500 படங்கள் தேவை.

இவ்வேலையில் ஒரு வசதி உண்டு. 700ஆம் ஃபிரேமைக் கணக்கிடுவதற்கு 699ஆம் ஃபிரேம் முடியும்வரை பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு இறுதியில் ஆயிரம் வவுச்சர்களைச் சரிபார்க்க வேண்டுமானால் பத்து ஊழியர்கள் நூறு நூறாகப் பங்கிட்டுக்கொள்வது போல, ஃபிரேம்களைப் பல கணினிகளுக்குப் பங்கிடலாம். இவ்வாறு சேர்ந்து உழைக்கும் கணினிக் கூட்டத்திற்கே ரெண்டர் பண்ணை என்று பெயர்.

முன்னோடிகள்

முழுவதும் கணினியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி' 1995இல் வெளிவந்தது. அதற்காக 117 சன் கணினிகள் இணைக்கப்பட்டன. 1,14,240 ஃபிரேம்களுக்கு ஏறத்தாழ 8,00,000 இயந்திர மணிநேரம் செலவாயிற்று. ஒரே கணினியிடம் அவ்வேலையை ஒப்படைத்திருந்தால் 91 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அவை புதிய கணினிகள். பழையவற்றைக் கொண்டும் பெரும்பணி செய்யலாம் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்க்ரோவும் ஃபாரஸ்ட் ஹாஃப்மனும். அமெரிக்க நிலப்பரப்பை வெப்பம், மழை, மண் ஆகியவற்றின் அடிப்படையில் சூழலியல் பகுதிகளாகப் பிரிக்க அவர்களுக்குப் பெருங்கணிப்பு தேவைப்பட்டது. 1996இல் கேட்ட நிதி கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் கழிக்கப்பட்ட கணினிகளைத் திரட்டி லினக்ஸ் நிறுவி இணைத்தனர். 2001இல் அக்கூட்டத்தில் 133 கணினிகள் இருந்தன. பெரும்பாலானவை 486, பென்டியம் வகையைச் சேர்ந்தவை. வெறும் கல்லைப் பானையிலிட்டு, ஊரார் ஆளுக்கொரு பொருள் கொண்டுவர, சூப்பாக்கிய நாடோடிக் கதையை நினைவூட்டும் வகையில் அதற்குப் பெயர் சூட்டினர். வேகமான கணினிக்கு அதிக வேலையும் மெதுவான கணினிக்குக் குறைந்த வேலையும் தானாகவே சென்று சேருமாறு அவர்கள் அமைத்த முறை, வீட்டுப் பண்ணைக்கும் அப்படியே பொருந்தும்.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 'கப்ரூ' என்னும் கணினிக் கூட்டத்தை அமைத்தது. அது பழைய கணினிகளால் ஆனதன்று. எனினும் சந்தையில் கிடைக்கும் சாதாரணச் செயலிகளைக் கொண்ட 144 கணினிகளை இணைத்தே அது உருவாக்கப்பட்டது.

தீவுக்கென்று ஒரு கணக்கு

சென்னையில் எளிதான ஒன்று தீவில் எளிதாக இராது. கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். உதிரிப் பாகத்தின் விலையோடு அந்தக் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலில் பிறக்கிறது. அந்த டீசலும் கப்பலிலேயே வருகிறது. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பொங் நீர்மின் நிலையமும், தெற்கு அந்தமானில் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் மின்கலச் சேமிப்புடன் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் அமைப்பும் உள்ளன. ஆயினும் டீசலின் தேவை நீங்கவில்லை. நாம் செலுத்தும் கட்டணம் உற்பத்திச் செலவைவிட மிகக் குறைவு; மீதியைப் பொதுப்பணம் சுமக்கிறது.

இணையத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறிவிட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளில் பெரிய கோப்புகளை வெளியூருக்கு அனுப்புவதை எண்ணிப் பார்க்கவே இயலாது. இன்று கட்டணம் செலுத்தி வெளியூர் ரெண்டர் சேவையைப் பெறலாம். 'ஷீப்இட்' போன்ற கூட்டுறவு முறைப் பண்ணையிலும் சேரலாம். அதில் நம் கணினியின் ஓய்வு நேரத்தைப் பிறர் படத்திற்குக் கொடுத்துப் புள்ளிகள் ஈட்டி, அப்புள்ளிகளைக் கொண்டு நம் படத்தைச் செய்துகொள்ளலாம். ஆனால் நம் கோப்புகள் அறிமுகமற்றோர் கணினிகளுக்குச் செல்லும். கட்டப்படாத ஒரு விடுதியின் வரைபடத்தை அவ்வாறு அனுப்ப அதன் உரிமையாளர் இசைவாரா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

பண்ணை தேவையே இல்லாத நிலையும் உண்டு. 2025 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படமான 'ஃப்ளோ', பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உருவானது. ஒளியைத் தோராயமாகக் கணித்து விரைவாக முடிக்கும் 'ஈவி' முறையைப் பயன்படுத்தி, ரெண்டர் பண்ணையே இல்லாமல் இயக்குநர் தம் சொந்தக் கணினியில் அதனை முடித்தார். எனவே முதற்கேள்வி, நம் வாடிக்கையாளருக்கு எந்த அளவு நுணுக்கம் வேண்டும் என்பதே. கண்ணாடியிலும் நீரிலும் ஒளி விளையாடுவதை விடுதி உரிமையாளர்கள் உள்ளபடியே காண விரும்பியதால், மெதுவான ஆனால் துல்லியமான 'சைக்கிள்ஸ்' முறையே நம் வாடிக்கையாளருக்குத் தேவைப்பட்டது.

முதலீடும் பயனும்

அவர் வாங்கியவை நான்காம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட ஏழு கணினிகள். தலைக்கு 3,500 ரூபாய் வீதம் 24,500. நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்தவும் சிறிய எஸ்எஸ்டிகள் வாங்கவும் 14,000. நெட்வொர்க் ஸ்விட்சும் கம்பிகளும் 3,500. யூபிஎஸ், மின்விசிறி ஆகியவை 8,000. மொத்தம் 50,000 ரூபாய். அவர் சேமிப்பிலிருந்து 10,000 போட்டார். மீதி 40,000 ரூபாயைப் பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் பிணையின்றி வழங்கினோம். 50,000 ரூபாய் வரையிலான கடன்கள் அப்பிரிவில் அடங்கும். 18 மாதத் தவணை. மாதம் 2,420 ரூபாய். நகை வீட்டிலேயே இருந்தது.

ஏழில் ஆறு கணினிகள் உழைத்தன. ஒன்று உதிரிப் பாகங்களுக்காக ஒதுக்கப்பட்டது. எல்லாவற்றிலும் லினக்ஸும் பிளெண்டரின் ஒரே பதிப்பும் நிறுவப்பட்டன. பதிப்பு மாறினால் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒளி மாறித் தெரியக்கூடும். வேலையைப் பங்கிட, பிளெண்டர் ஸ்டுடியோ இலவசமாக வழங்கும் 'ஃபிளமென்கோ' மென்பொருள். அதில் ஒரு கணினி மேலாளர், மற்றவை பணியாளர்கள். எல்லாக் கணினிகளும் காணக்கூடிய ஒரு பொதுக் கோப்புறை வேண்டும். திரை, விசைப்பலகை எல்லாவற்றுக்கும் தேவையில்லை.

பயனைக் காண்போம். ஒரு ஃபிரேமுக்கு 12 நிமிடம் எனில் 1,500 ஃபிரேமுக்கு 300 மணிநேரம். ஒரே கணினியில் பன்னிரண்டரை நாள்; மாதத்தில் இரு படங்களுக்கு மேல் செய்ய இயலாததன் காரணம் இதுவே. ஆறு கணினிகளில் 50 மணிநேரம். அதாவது வெள்ளி இரவு தொடங்கினால் திங்கட்கிழமை காலையில் படம் ஆயத்தம்.

மின்சாரச் செலவு பற்றிப் பலரும் அஞ்சுவர். ஒரு கணினி முழு உழைப்பில் 90 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், ஆறும் சேர்ந்து 50 மணிநேரத்தில் 27 யூனிட். ஒரே கணினி 300 மணிநேரம் ஓடினாலும் அதே 27 யூனிட்தான். ஆகவே கணினிகளைக் கூட்டுவதால் நேரம் குறைகிறதேயன்றி மின்செலவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் படம் ஒன்றுக்கு 270 ரூபாய். 9,000 ரூபாய் ஈட்டும் படத்திற்கு இது பொருட்டன்று.

பட்டுக் கற்றவை

முதல் ஏமாற்றம் நினைவகத்தில் வந்தது. ஆறு கணினிகளில் 16 ஜிபி வீதம் இருந்தால் 96 ஜிபி ஆகிவிடும் என்று அவர் எண்ணியிருந்தார். அவ்வாறு ஆவதில்லை. ஒவ்வொரு கணினியும் முழுக் காட்சியையும் தன் நினைவகத்திலேயே ஏற்றியாக வேண்டும். தென்னந்தோப்பு நிறைந்த ஒரு காட்சிக்கு 20 ஜிபி தேவைப்பட்டபோது ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே வைப்பதை விடுத்து, ஒரே மரத்தின் வடிவத்தைப் பல இடங்களில் பயன்படுத்துமாறு மாற்றியபின் வேலை நடந்தது. ஆறு சிறு பெட்டிகள் இருந்தாலும் அவற்றில் ஒரு பெரிய பீரோ நுழையாது.

இரண்டாவது, மின்தடை. முதற்படத்தை அவர் நேரடியாக வீடியோக் கோப்பாகப் பதிவு செய்தார். ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்றது. யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கியது. கோப்பு முழுவதும் பாழாயிற்று. அதன்பின் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்து, இறுதியில் ஒன்றாகத் தொகுக்கிறார். இப்பொழுது மின்சாரம் நின்றால் இழப்பு, அந்நேரம் நடந்துகொண்டிருந்த ஆறு ஃபிரேம்கள் மட்டுமே.

மூன்றாவது, கடற்காற்று. மழைக்காலத்தில் இரண்டு வாரம் அணைத்து வைத்திருந்த கணினிகளுள் ஒன்று மீண்டும் எழவில்லை. நினைவகச் சில்லின் தொடுமுனைகளில் உப்பும் ஈரமும் பச்சை படர வைத்திருந்தன. உதிரிக்கென ஒதுக்கிய ஏழாவது கணினி அன்று கைகொடுத்தது. வேலை இல்லாத நாளிலும் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூட்டால் ஈரத்தைப் போக்குவது இப்பொழுது அவர் வழக்கம்.

இரண்டாம் கணக்கு

ஓராண்டு கழிந்து அவர் மீண்டும் வந்தார். 60,000 ரூபாய்க்கு ஒரு கிராஃபிக்ஸ் அட்டை வாங்கினால் ஃபிரேம் ஒன்று ஒரே நிமிடத்தில் முடியும் என்றார். 1,500 ஃபிரேமுக்கு 25 மணிநேரம். 300 வாட் வீதம் 7.5 யூனிட் மின்சாரம். ஆறு பழைய கணினிகள் செய்வதை ஒரே அட்டை பாதி நேரத்தில், மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும். டீசல் மின்னாக்கி லிட்டருக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தருவதாகக் கொண்டால், ஏழு லிட்டர் டீசல் எரிந்த இடத்தில் இரண்டு லிட்டர் போதும். தீவு வாழ்வோருக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் கடன் கணக்கு வேறு. படம் ஒன்றுக்கு மின்சாரத்தில் மிச்சமாவது 195 ரூபாய். அந்த மிச்சத்தைக் கொண்டே 60,000 ரூபாயை மீட்க வேண்டுமானால் முந்நூறு படங்களுக்கு மேல் செய்தாக வேண்டும். மூன்றாண்டுக் கடனின் தவணையோ மாதம் 1,964 ரூபாய். எனவே தவணை, மின்சார மிச்சத்திலிருந்து வர இயலாது. கூடுதல் வருவாயிலிருந்துதான் வர வேண்டும். நான் ஒரே கேள்வி கேட்டேன்: "படம் இன்னும் ஒரு நாள் முன்னதாக முடிந்தால், மாதத்தில் ஒரு படம் கூடுதலாகச் செய்ய முடியுமா?"

அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். பண்ணை அமைத்தபின் மாதம் இரண்டு படங்கள் மூன்றாக உயர்ந்திருந்தன; உரிமையாளர் சொல்லும் திருத்தங்களுக்கும் நேரம் கிடைத்தது. மூன்றுக்கு மேல் போகாமைக்குக் காரணம் கணினி அன்று. சுவரையும் மரத்தையும் வடிவமைப்பவை அவருடைய இரு கைகள். அவற்றின் வேகமே இப்பொழுது எல்லை. அட்டை இருந்தால் வடிவமைக்கும்போதும் காட்சி உடனுக்குடன் தெரியும், வேலை எளிதாகும் என்பது உண்மை. ஆனால் அது எத்தனை படங்களாக மாறும் என்று அவரால் உறுதி கூற முடியவில்லை. "அப்படியானால் இப்போது வேண்டாம், சார்" என்று அவரே முடித்தார்.

பழைய கணினி வாங்குவோருக்கும் விற்போருக்கும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பல கணினிகள் நல்ல நிலையிலேயே அலுவலகங்களிலிருந்து வெளியேறுகின்றன. ஆகவே சில குறிப்புகளை இங்கே பதிவு செய்வது கடமை.

கணினியை விற்குமுன் வன்தட்டை முழுவதும் அழியுங்கள். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது அழித்தலாகாது. நம் வாடிக்கையாளர் வாங்கிய கணினிகளுள் ஒன்றில் முகமறியாத ஒருவரின் பான் அட்டை நகலும் கணக்கு அறிக்கைகளும் அப்படியே இருந்தன. அவர் நேர்மையாக அழித்துவிட்டார். எல்லாரும் அவ்வாறு செய்வர் என்று நம்பியிருக்க இயலாது. உலாவியில் சேமித்த இணைய வங்கிக் கடவுச்சொற்களை நீக்கி, உடனே மாற்றிவிடுங்கள். ஐயமிருப்பின் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம்.

வாங்குவோர் விலைச்சீட்டுப் பெறுங்கள். கடன் விண்ணப்பத்திற்கும் வரிக் கணக்கிற்கும் அது தேவை. உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துவிட்டுக் கிளைக்கு வாருங்கள்.

இறுதியில் உயிர் போன கணினியைக் கடலோரத்திலோ காட்டிலோ எறியாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்றடைய வேண்டும். அதற்குக் கப்பல் ஏற வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.

கடன் கேட்டு வருவோரிடம் இயந்திரத்தின் விலையை மட்டும் நாங்கள் கேட்பதில்லை. உங்கள் வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது, இந்த இயந்திரம் அந்தத் தடையை நீக்குமா என்றும் கேட்கிறோம். 2024இல் அவருக்குத் தடை கணினியின் நேரம். 50,000 ரூபாய் அதை நீக்கியது. 2025இல் தடை வேறிடத்திற்கு மாறிவிட்டது; அதற்குக் கடன் மருந்தன்று.

அண்மையில் அவருடைய பதினெட்டாம் தவணை முடிந்தது. கணக்கை முடித்துக்கொண்டு எழுந்தவர், அதே 2,420 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட வேண்டும் என்றார். இரண்டாண்டுகளில் அசலே 58,080 ரூபாய். வட்டியோடு 60,000ஐத் தாண்டும். அட்டை அப்பொழுது வரும். அதுவரை ஆறு பழைய கணினிகளும் வெள்ளி இரவுகளில் உழைத்துக்கொண்டிருக்கும்.